எகிப்திலிருந்து வந்த முறம்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் மரம் கல்லாவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். தொட்டுப் பார்க்கிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மாவட்டத்தில், ஒலக்கூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓடைப்பாக்கம் என்ற எங்கள் ஊர் ஒரே ஒரு ஊராட்சித் தேர்தலில் கற்காலத்தைத் தாண்டிக் 'குறியீட்டுக் கால'த்துக்குள் கால் வைத்தது. அதைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை. கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்த உலகம் மனிதனுக்குக் கொடுப்பதே இல்லை.

இந்தக் குறையைப் போக்க, எங்கள் மாபெரும் மாற்றத்தின் தந்தையும், சிறப்புக் குறியீட்டுச் செம்மலும், விழுப்புரம் 'குறி டிஜிட்டல் தீர்வகம்' நிறுவனருமான திரு. அரிபிரசாத் அவர்களுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று எங்கள் ஊர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. விழாக்குழுச் செயலாளர் என்ற முறையில் அன்னாரின் தொண்டுகளை நாடறிய எழுதும் பொறுப்பு குமரேசனாகிய என் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயரிலேயே ஓடை இருக்கிறது. ஊர் ஓடைக்கு இந்தக் கரையில். பள்ளிக்கூடம், தார்ச்சாலை, பஸ் நிற்கும் இடம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அந்தக் கரையில். நடுவில் ஒரு தரைப்பாலம் இருந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது அதன் ஞாபகமாக இரண்டு சிமெண்டு உருளைகள் மட்டும் கிடக்கின்றன. ஐப்பசி மழை வந்தால் ஊரே இந்தக் கரையில் நின்று அந்தக் கரையை வேடிக்கை பார்க்கும்.

என் அத்தை காசியம்மாள், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் போடும் சொந்த நிலக்காரி. போன வருஷ மழையில் அவள் மகள் கலைப்பிரியாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்று விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இந்தக் கரையில் கலைப்பிரியாவை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினோம். டிராக்டர் நடு ஓடையில் நின்றது. அங்கேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம், சாமி புண்ணியம். ஆனால் டிரெய்லரின் பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றே அவள் சொன்னாள்:

"அடுத்த எலெக்ஷன்ல நான் நிக்கிறேன்டா குமரேசா. பாலத்த கட்டிட்டுத்தான் எறங்குவேன்."

நடப்புத் தலைவர் பாண்டுரங்கன் அந்தப் பாலத்தை ஒவ்வொரு தேர்தலிலும் கட்டிக்கொண்டுதான் வந்தார். பேச்சிலேயே கட்டுவதால் அவருக்குச் செலவு எதுவும் வருவதில்லை.

ஒலக்கூரில் சின்னம் ஒதுக்கினார்கள். எங்கள் பக்கம் ஊராட்சித் தேர்தலில் சின்னம்தான் உயிர். தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்காது, வெறும் படம்தான் இருக்கும். பாண்டுரங்கனுக்குப் பூட்டு சாவி கிடைத்தது. சவுரிராயன் என்று மூன்றாவதாக ஒருவர் மனு போட்டிருந்தார். மரக்காணத்திலிருந்து கருவாடு வாங்கி வந்து விற்கிறவர். ஓட்டைப் பிரிப்பதற்காகப் பாண்டுரங்கனே பிடித்து நிறுத்திய ஆள். அவர் அன்றைக்கு வரக்கூட இல்லை. வராதவருக்குச் சிலேட்டு ஒதுக்கினார்கள். மரச்சட்டத்துக்குள் ஒன்றும் எழுதாத வெறும் சிலேட்டு.

அத்தைக்கு வந்தது முறம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தெனம் என் கையில இருக்கறதே எனக்கு வந்துகீதுடா! இதுக்கு இன்னா பிரசாரம்? முறத்த எடுத்துக்கினு தெருவுல போனா போதும். ஊர்ல முறம் இல்லாத வூடு ஏதாவது கீதா?"

பாமரத்தனமான இந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் ஓடைப்பாக்கத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. நல்லவேளை, நான் இருந்தேன். நான் பி.காம். படித்தவன். "அத்தை, இப்பல்லாம் எலெக்ஷனே போன்லதான் நடக்குது. ஒரு நிபுணர வச்சிக்கலாம்" என்றேன். அத்தைக்கு என் படிப்பின் மேல் பெரிய மரியாதை. சரி என்று சொல்லிவிட்டாள்.

திரு. அரிபிரசாத் அவர்களின் அலுவலகம் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. அவர் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். ஒரு பக்கம் சிறகு, மறுபக்கம் சிறகு, மேலே கிரீடம், கீழே வாள், சுற்றிலும் நட்சத்திரம். நடுவில் இருந்த பெயரை நானும் அத்தையும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தோம்.

"உங்க சின்னம் என்ன மேடம்?"

"முறங்க."

அவர் போனில் தேடினார். நெற்றியைச் சுருக்கினார். கம்ப்யூட்டரில் தேடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். டாக்டர்கள் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து பேசும் குரலில் பேசினார்.

"மேடம், மனசைத் தேத்திக்குங்க. உலகத்துல முறமே இல்லை."

அத்தை பதறிப்போனாள். "காலைலகூட மல்லாட்ட பொடச்சிட்டு கொல்லையில சாத்தி வச்சிட்டு வந்தேங்களே!"

"உங்க கொல்லையில இருக்கலாம். யூனிகோடுல இல்லை."

"அது எந்த ஊருங்க?"

அரிபிரசாத் பொறுமையாக விளக்கினார். உலகத்தில் உள்ள எல்லா எழுத்தையும், எல்லாக் குறியையும், சிரிக்கிற மூஞ்சி முதல் அழுகிற மூஞ்சி வரை, ஒரே பட்டியலில் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதுதான் யூனிகோடு. அதில் இருப்பதைத்தான் ஒரு போன் இன்னொரு போனுக்கு எழுத்தாக அனுப்ப முடியும். அதில் இல்லாதது, இந்தக் காலத்தில், இல்லாததுதான்.

"பாண்டுரங்கனோட பூட்டு சாவி இருக்குதா?" என்று கேட்டேன்.

"விதவிதமா இருக்கு. பாண்டுரங்கன் சார் ஒரு விரலால தட்டினா போதும், ஊரெல்லாம் சாவியா கொட்டும். உங்களுக்குக் கூடை இருக்கு, விசிறி இருக்கு, துடைப்பம்கூட இருக்கு. முறம்தான் இல்லை."

"அந்தச் சின்னச் சின்னப் படத்தையெல்லாம் மொதல்ல யாருங்க கண்டுபுடிச்சது?"

"ஜப்பான்காரங்க மேடம்."

"அவங்க வூட்டுல அரிசியே பொடைக்க மாட்டாங்களா?" என்று அத்தை மனம் நொந்து கேட்டாள். அரிபிரசாத் அந்தக் கேள்வியை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் யார் சொன்னாலும் குறித்துக்கொள்வார்கள்.

புதிதாக ஒரு குறியைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போடலாமாம். பரிசீலித்து முடிக்க ஓரிரு வருடம் ஆகுமாம். "முறத்தையே நாலு போட்டோ எடுத்து அனுப்பினா ஆவாதா?" என்று அத்தை கேட்டாள். அரிபிரசாத்தின் முகம் வாடிவிட்டது. போட்டோ எல்லாரும் அனுப்புவார்களாம். போட்டோவை டவுன்லோடு செய்ய வேண்டுமாம், மெமரி போதாதாம், ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். குறியீடு என்றால் எழுத்தோடு எழுத்தாகக் கண்ணுக்குள் போய் மூளையில் உட்கார்ந்துகொள்ளுமாம்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். யூனிகோடின் மூலை முடுக்குகளில் எல்லாம் புகுந்து தேடினார். செத்துப்போன மொழிகளின் எழுத்துகள் அடுக்கி வைத்திருக்கும் கோடிக்குப் போனார். திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"கிடைச்சிருச்சு! எகிப்து!"

பார்வோன் மன்னர்கள் காலத்துச் சித்திர எழுத்தில் ஒன்று. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நடுவில் குறுக்குக் கோடுகள். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "ஆமாண்டா, முறமாட்டம்தான் கீது."

"அது முறம்தானா சார்?" என்று கேட்டேன்.

"முறமா, மீன் கூடையா, பாய் முடையிற சட்டமான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க ப்ரோ. அவங்க முடிவு பண்றதுக்குள்ள நம்ம எலெக்ஷன் முடிஞ்சிரும்."

அந்த எழுத்து சாதாரண போன்களில் தெரியாது என்பதால் என் போனிலும், எங்கள் தேர்தல் கமிட்டியினரின் போன்களிலும் அதற்குரிய எழுத்துருவைத் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்தார். எங்கள் போன்களில் முறம் ஜம்மென்று தெரிந்தது. அத்தையிடம் இருந்தது பட்டன் போன். அதில் எதுவும் ஏறாது. அவள் எல்லாவற்றையும் என் போனிலேயே பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாளே அரிபிரசாத் ஓடைப்பாக்கத்துக்கு வந்து பிரசார விதிகளை அறிவித்தார். நோட்டீஸ் கிடையாது, அது காகித விரயம். சுவர் விளம்பரம் கிடையாது, அது சுவர் விரயம். திண்டிவனத்தில் பிளக்ஸ் கடைக்காரர் ஒருவர் 'முறத்தால் புலியை விரட்டிய வீரத் தமிழச்சியே வருக' என்று அத்தைக்குப் பக்கத்தில் ஒரு புலியைக்கூட நிறுத்தித் தயாராக வைத்திருந்தார். அது ரத்தானது. ஒலிபெருக்கி ஆட்டோவும் ரத்தானது. கடைசி விதிதான் மிக முக்கியமானது.

"முறம்ங்கிற வார்த்தையை யாரும் வாயால சொல்லக் கூடாது. முறத்தைக் கையில எடுக்கவே கூடாது."

"ஏங்க?" என்றாள் அத்தை.

"நெகட்டிவ் மேடம். நம்ம ஊர்ல முறத்தை யாரு எப்ப தூக்குவாங்க? அடிக்கத்தான் தூக்குவாங்க. ஓட்டுக் கேட்டு முறத்தோட ஒரு அம்மா வாசல்ல வந்து நின்னா வாக்காளர் என்ன நினைப்பாரு? வார்த்தை காயப்படுத்தும். குறியீடு காயப்படுத்தாது. குறியீடே பேசட்டும்."

கமிட்டி கை தட்டியது. நான்தான் முதலில் தட்டினேன்.

꧁ஓடைப்பாக்கம் வெற்றிப் பாதை꧂ என்ற வாட்ஸாப் குழு பிறந்தது. இரண்டு பக்கமும் தொங்குகிற அந்தத் தோரணம் ஜாவாத் தீவின் எழுத்திலிருந்து வரவழைக்கப்பட்டது என்று அரிபிரசாத் தெரிவித்தார். எகிப்தும் ஜாவாவும் ஓடைப்பாக்கத்தில் சந்தித்துக்கொண்டதை எண்ணி நான் புல்லரித்துப்போனேன். ஊரில் போன் வைத்திருக்கும் அத்தனை பேரும் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். காலையில் வணக்கம், கும்பிடும் கை, அத்தை பெயர், எகிப்து முறம். மத்தியானம் பாலம் கட்டுவோம், உயர்த்திய கை, எகிப்து முறம். சாயங்காலம் வெறும் எகிப்து முறம், வரிசை வரிசையாக. போன் இல்லாதவர்களுக்கு இருப்பவர்கள் காட்டினார்கள்.

கூட்டம் ஒன்று கூட்டவும் ஏற்பாடானது. பதினாலாம் தேதியைச் சாதாரண எண்ணில் போட்டால் எடுபடாது என்று பழந்தமிழ் எண்ணில் ௰௪ என்று போட்டார் அரிபிரசாத். நாள், மாதம், வருடத்துக்கும் பழைய தமிழ்க் குறிகளே. அன்றைக்குப் பந்தலில் அத்தை, நான், மைக் செட்டுக்காரர் ஆகிய மூவர் இருந்தோம். "எல்லாரும் எங்கடா?" என்றாள் அத்தை. விசாரித்ததில் சிலர் அந்தத் தேதியை மந்திரம் என்று நினைத்து எழுதிப் பூஜை அறையில் வைத்துவிட்டதாகத் தெரிந்தது. 'தொன்மை மீட்பு: முழு வெற்றி' என்று அரிபிரசாத் தன் அறிக்கையில் பதிவு செய்தார்.

ஆனால் சின்னம் மட்டும் காட்டுத் தீயாகப் பரவியது. அதற்கு அத்தாட்சி தெருவிலேயே கிடைத்தது. அடுத்த வீதி சின்னபொண்ணு, அத்தையை வழியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன் சின்னத்த என் பேத்தி போன்ல காட்டுச்சி. நல்ல சின்னம்க்கா. புள்ளைங்க படிப்புக்கு ஏத்த சின்னம்."

அத்தைக்குக் குழப்பம். வீட்டுக்கு வந்து, "அதுக்கும் படிப்புக்கும் இன்னாடா சம்மந்தம்?" என்று கேட்டாள். நான் அரிபிரசாத்துக்கு போன் போட்டேன். அவர் சற்றும் தயங்கவில்லை.

"அதுதான் ப்ரோ ஆழம். முறம் என்ன பண்ணுது? பதரை நீக்கி மணியைப் பிரிக்குது. நல்லது எது, கெட்டது எதுன்னு பிரிச்சுப் பாக்குறதுதானே கல்வி? பாமர ஜனங்க நம்ம குறியீட்டை எந்த லெவல்ல புரிஞ்சிக்கிட்டிருக்காங்க பாருங்க."

இரண்டு நாளில் அங்கன்வாடிப் பிள்ளைகளின் பழைய சிலேட்டுகள் ஊரில் பல வீட்டு வாசல்களில் தொங்க ஆரம்பித்தன. அத்தையைக் கண்டதும் அந்தந்த வீட்டுக்காரர்கள் சிலேட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்கள். 'நமது பிரசாரத்தால் ஓடைப்பாக்கத்தில் எழுத்தறிவு எழுச்சி' என்று அரிபிரசாத் அதைப் படத்துடன் தன் பக்கத்தில் வெளியிட்டார். விழுப்புரத்தில் பலர் பாராட்டினார்களாம்.

அத்தைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் கொல்லையிலிருந்து முறத்தை எடுத்து வந்து தூசி தட்டினாள்.

"ஒரே ஒரு சுத்து போய்ட்டு வர்றேன்டா. ஜல்தியா வந்துர்றேன். எனக்கு என்னமோ பேஜாரா கீது."

நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டேன். "அத்தை! பிராண்டு போயிரும்!" அந்த வார்த்தைக்கு எனக்கும் முழு அர்த்தம் தெரியாது. ஆனால் அத்தை பயந்துவிட்டாள். முறத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தினாள்.

ஓட்டுப் பதிவு அமோகம். வெளியே வந்தவர்கள் எல்லாரும் அத்தையைப் பார்த்து, "உனக்குத்தான் போட்டேன்" என்று கண்ணைக் காட்டினார்கள். அரிபிரசாத் விழுப்புரத்திலிருந்து வெற்றிக் கோப்பை, பட்டாசு, கேக்கு எல்லாம் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். எல்லாம் குறியீடுதான், கேக்கு உள்பட.

எண்ணிக்கை ஒலக்கூரில் நடந்தது. இளஞ்சிவப்புச் சீட்டுகளைப் பிரித்துச் சின்னவாரியாக அடுக்கினார்கள். பூட்டு சாவித் தட்டில் கொஞ்சம் சேர்ந்தது. முறத் தட்டில் அடி தெரிந்தது. சிலேட்டுத் தட்டு மட்டும் நிரம்பி வழிந்து இன்னொரு தட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். பாண்டுரங்கன் முகத்தில் ஈயாடவில்லை. தான் கொண்டுவந்து நிறுத்திய ஆள் தன்னையே கவிழ்த்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முறத்துக்கு விழுந்த ஓட்டு எங்கள் கமிட்டியின் ஓட்டு. அவ்வளவுதான். எழுத்துரு ஏற்றிய போன்காரர்கள் ஒருவர்கூடக் குறையாமல் முறத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். தொழில்நுட்பத்தின் துல்லியத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வென்ற வேட்பாளர் சவுரிராயனைத் தேடினார்கள். அன்று அமாவாசை. அவர் மேல்மலையனூரில் அங்காளம்மன் சன்னிதிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் நெற்றி நிறையக் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக ஊருக்குள் வந்தவரை மாலையோடு மறித்தார்கள். "நானா? எதுக்கு?" என்று கேட்டார். தலைவர் பதவிக்கு என்றார்கள். "என் சின்னம் இன்னா?" என்று கேட்டார். சிலேட்டு என்றார்கள். "பரவால்லியே" என்றார்.

சின்னபொண்ணு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாக்கா அநியாயம்! ஊரே உனக்குத்தானே போட்டோம்! நானே என் கையால சிலேட்டுல குத்தினேனே!"

"சிலேட்டுலயா?" என்றாள் அத்தை. "என் சின்னம் முறம்டீ."

"முறமா? யார் சொன்னது?" சின்னபொண்ணு பேத்தியின் போனை நீட்டினாள். குழுவில் நாங்கள் அனுப்பிய அத்தனை செய்திகளும் இருந்தன. அத்தை பெயர், கும்பிடும் கை, அதற்குப் பக்கத்தில்:

▯ ▯ ▯ ▯ ▯

சட்டம் போட்ட வெறும் கட்டங்கள். வரிசை வரிசையாகச் சிலேட்டுகள். என் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே செய்தி, அதே இடத்தில் எகிப்து முறம். விழுப்புரத்துக்கு போன் போட்டேன்.

"கரெக்ட்தானே ப்ரோ," என்றார் அரிபிரசாத். "உங்க போன்ல எழுத்துரு ஏத்தியிருக்கேன். அவங்க போன்ல ஏத்தலை. ஏத்தாத போன்ல தெரியாத எழுத்தெல்லாம் வெறும் கட்டமாத்தான் வரும். அது சர்வதேச நடைமுறை."

"சார், நாங்க தோத்துட்டோம் சார்!"

"நீங்க தோத்திருக்கலாம். குறியீடு தோக்கலை. யார் யாருக்கு எது தெரிஞ்சுதோ அதுக்கே போட்டிருக்காங்க. நூத்துக்கு நூறு ரிசல்ட். என் வாழ்க்கையில இப்படி ஒரு கேம்பெய்ன் நான் பண்ணினதே இல்லை."

அத்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கலைப்பிரியாவின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஓடையில் பிறந்ததால் அந்தப் பெண் குழந்தையை ஊரில் எல்லாரும் ஓடைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "பாலத்து மேல நடக்க வைக்கலாம்னு இருந்தேன்டீ உன்ன" என்று அதனிடம்தான் சொன்னாள்.

இந்தத் துயரமான வேளையிலும் அரிபிரசாத் அவர்களின் பொதுத்தொண்டு நின்றுவிடவில்லை. அந்த வாரமே அவர் சவுரிராயனைப் போய்ப் பார்த்தார். "உங்க சிலேட்டைக் காலையும் மாலையும் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருன்னு தெரியுமா சார்?" என்று குழுவைத் திறந்து ஆதாரத்துடன் காட்டினார். கருவாட்டைத் தவிர வேறெதையும் விளம்பரப்படுத்தி அறியாத சவுரிராயன் கண் கலங்கிவிட்டார். அப்போதே அரிபிரசாத்தை ஊராட்சியின் 'குறியீட்டு ஆலோசகர்' ஆக்கிவிட்டார்.

நிர்வாகம் சூடு பிடித்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று குழுவில் எழுதினால் உடனே ஒரு விளக்குக் குறி வரும். தண்ணீர் வரவில்லை என்றால் நீலத்தில் துளித் துளியாகக் கொட்டும். குப்பை அள்ளவில்லை என்றவருக்கு ஒரு துடைப்பமும் இரண்டு கும்பிடும் கையும் வந்தன. இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும் ஊராட்சி எங்கேயாவது உண்டா?

பிறகு ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓடை ஊருக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையோடு இந்தக் கரையில் உட்கார்ந்து அந்தக் கரையில் அடிக்கும் பள்ளிக்கூட மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை குழுவில் ஒரு செய்தி வந்தது.

'ஓடைப்பாக்கம் மக்களின் நீண்டநாள் கனவு நனவானது. ஊராட்சித் தலைவரின் அயராத முயற்சியால் இதோ உங்கள் பாலம்! ꧁ ▯ ꧂'

என் போனிலும் கட்டம்தான் வந்தது. இது வேறு எழுத்துருவாம், பாபிலோனாம்.

அன்று சாயங்காலமே ஓடைக்கரையில் கூட்டம் கூடியது. யாரும் கூட்டவில்லை, தண்ணீர் கூட்டியது. சவுரிராயன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டிருந்த அரிபிரசாத் அந்தக் குடைக்குள் நின்றார். அத்தை கடைசியாக வந்தாள். குடை இல்லை. தலைக்கு மேல் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். முறத்தின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாலம் எங்கப்பா?" என்றாள்.

"குழுவில போட்டாச்சு மேடம். பாக்கலையா?"

அத்தை சின்னபொண்ணின் பேத்தியிடமிருந்து போனை வாங்கினாள். கூட்டத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினாள்.

"இதுல இன்னா தெரியுது? எல்லாரும் வாயத் தொறந்து சொல்லுங்க."

"கட்டம்" என்றார்கள் சிலர். "சிலேட்டு" என்றார்கள் சிலர். "ஒண்ணுமில்ல" என்றான் முன்வரிசையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு பையன்.

அத்தை போனைக் கொடுத்துவிட்டுத் தலைக்கு மேலிருந்த முறத்தை எடுத்து இரண்டு கையாலும் உயரத் தூக்கினாள். மழை அவள் முகத்தில் விழுந்தது.

"இது இன்னா?"

"முறம்!"

மொத்த ஊரும் ஒரே குரலில் சொன்னது. கிழவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொன்னார்கள். சவுரிராயன்கூடத் தன்னை மறந்து சொல்லிவிட்டார். எழுத்துரு இல்லை, சிக்னல் இல்லை, எகிப்து இல்லை. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்ளோதானடா குமரேசா வேலை?" என்றாள். அந்த நிமிடம் ஓடையில் குதித்துவிடலாம் போல எனக்கு இருந்தது. ஆனால் அந்தக் கரைக்குப் போய்ச் சேர மாட்டேன் என்று தெரியும்.

அரிபிரசாத் குடையை விட்டு மெல்ல விலகினார். தூக்கிய முறத்தைப் பார்த்ததும் அவருக்குத் தன்னுடைய 'நெகட்டிவ்' தத்துவம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பயப்படத் தேவையிருக்கவில்லை. அத்தை முறத்தால் யாரையும் அடிக்கவில்லை. அதைத் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தாள். ஊர் வழிமொழிந்தது. அந்தத் தீர்மானத்தின்படிதான் இந்தப் பாராட்டு விழா.

ஆகவே, வீட்டுக் கொல்லையில் கிடந்த முறத்தை எகிப்து வரை போய்த் தேடிக் கொண்டுவந்து தந்தவரும், எங்கள் ஊரின் நீண்டநாள் கனவை ஒரே விரலால் தட்டிக் கட்டி முடித்தவருமான சிறப்புக் குறியீட்டுச் செம்மல் திரு. அரிபிரசாத் அவர்களுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்தப்படும். ஊராட்சித் தலைவர் சவுரிராயன் அவர்கள் முன்னிலை வகிப்பார். மேடை ஓடைக்கு இந்தக் கரையில், ஊர்ப் பக்கம் போடப்பட்டுள்ளது. சிறப்பு விருந்தினர்கள் இருவரும் அந்தக் கரையில் வந்து இறங்கி, தாங்கள் எங்களுக்கு அனுப்பிய பாலத்தின் மீது நடந்து மேடைக்கு வந்து சேருமாறு விழாக்குழு அன்புடன் கேட்டுக்கொள்கிறது.